மடிக்காமல் வெட்டிய துணி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீயும் கவிதாவும் பெர்மாஸ் ஜெயாவிலுள்ள உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, உங்கள் கல்யாண வீடியோவை முதன்முறையாக முழுசாய்ப் பார்த்தேன். அதில் ஓரிடத்தில் நீ என்னிடம் ஏதோ கேட்கிறாய். வாய் திறக்கவில்லை, கண்ணாலேயே கேட்கிறாய். மேடையில் நின்றிருந்த நேரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் "விடுங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலைக் கடைசியில் சொல்கிறேன், பொறுமையாய்ப் படி. இதை நாலு பேர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இத்தனை வருஷம் மூடி மறைத்தது போதும்.

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு, சமூகக் கல்லூரியில் ஆடைத் தயாரிப்புச் சான்றிதழ்ப் படிப்பில் சேரப்போவதாக நீ சொன்ன அன்று இந்த வீட்டில் நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டாய். ஆறடி உயரம். பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். கதவில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியாத பிள்ளை தையல் மெஷின் முன்னால் உட்காரப்போகிறேன் என்கிறது. உன் அப்பா கோபப்படவில்லை. பேக்டரி பஸ்ஸை ஓட்டி ஓட்டி அவருக்குப் பொறுமை கூடிப்போயிருந்தது. "அந்தப் படிப்புல ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களாடா?" என்று மட்டும் கேட்டார். "நான் இருக்கேன்லா" என்றாய்.

ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? மற்ற வீட்டுப் பிள்ளைகள் டிகிரி, டிப்ளோமா என்று போய்க்கொண்டிருந்த நேரம். அப்பா ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார்: "டிசைன் படிக்கிறான்." பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதை நம்பி ரெங்கம் மாமா தன் வீட்டு முன்னால் கார் நிறுத்தப் போர்ச் இழுக்கப் பிளான் வரைந்து தரச் சொல்லி உன்னைக் கூப்பிட்டுவிட்டார். நீ போய்ச் சிரிக்காமல் அளவெல்லாம் எடுத்துவிட்டு, "போர்ச் வரைய வராது மாமா, போர்ச்சுக்குக் கர்ட்டன் வேணும்னா தைச்சுத் தரேன்" என்றாயாம். மாமா அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பெற்றோர்கள் வந்து பார்க்கலாம் என்று கல்லூரியில் ஒரு நாள் வைத்தார்களே, அன்றைக்குத்தான் என் கண் திறந்தது. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தேன். நாலு மெஷின் இருக்கும், பட்டன் கட்டச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதங்கள் ஆணியில் தொங்குகின்றன. ஒன்று கை, ஒன்று கழுத்துப்பட்டி, ஒன்று முதுகு. ஒவ்வொன்றிலும் பென்சில் கோடுகளும் அம்புக்குறிகளும். நீ ஒரு காகிதத்தை எடுத்து, அதில் கூம்பு மாதிரி வரைந்திருந்த இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்தாய். தட்டையாகக் கிடந்த காகிதம் நெஞ்சு மாதிரி எழும்பி நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது தம்பி. நான் செனாய் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தேறியவள். நுணுக்கமான வேலை எனக்குப் புதிதில்லை. ஆனால் தட்டையான ஒன்று உடம்பாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன்.

கை பொருத்தும் வளைவைக் காட்டினாய். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஆழமாகக் குடைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். மனுஷன் கையை முன்னால்தானே நீட்டுகிறான், அதற்கு இடம் விடவேண்டும் என்றாய். சோறு பிசையவும், பிள்ளையைத் தூக்கவும், சாமி கும்பிடவும் கை முன்னால்தான் போகிறது. பிறந்ததிலிருந்து சட்டை போடுகிறேன், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. யாரோ எப்போதோ இதை யோசித்து, கோடாக வரைந்து, அது கை மாறிக் கை மாறி ஜொகூரில் ஒரு வகுப்பறை வரைக்கும் வந்து, என் பிள்ளையின் பென்சிலில் நிற்கிறது. அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது கோயிலிலிருந்து வந்த மாதிரி இருந்தது. காரில் அப்பாவிடம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர், "சரி சரி, சிக்னல் விழுந்துருச்சு, கொஞ்சம் சும்மா இரு" என்றார்.

அந்தக் காலத்தில் நீ வீட்டில் யாரையும் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே அப்பாவைப் பிடித்து நிற்கவைத்து அளந்தாய். அவருடைய இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது, டேப் சரியில்லை என்றார். "கியர் போடுற கைப்பா அது. உலகத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிற ஆளே கெடையாது. எடதையும் வலதையும் தனித்தனியா அளக்கணும்னு எங்க டீச்சர் முதல் வாரமே சொல்லிட்டாங்க" என்றாய். அப்போது சிரித்தோம். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தேவைப்படப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நீ படிப்பை முடித்து, ஜொகூர் பாருவில் கல்யாண உடை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு அது வந்தது. ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எழுதிவிட்டேன், பார். இவ்வளவுதான் வார்த்தை. இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆனது. உயிர் பிழைத்ததற்குக் கும்பிட்டேன், மருந்துக்கும் ஊசிக்கும் அசரவில்லை. சுவரில் விரலால் மெல்ல மெல்ல ஏறிக் கையைத் தூக்கும் பயிற்சியைக்கூட, பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் செய்தேன். சேலையிடம்தான் தோற்றுப்போனேன்.

நம் பெண்கள் எந்தத் தையற்காரரிடமும் உடம்பைக் கொடுத்து அளக்கவிடுவதில்லை. நன்றாய்ப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று எடுத்து வைத்திருப்போம். புதுத் துணியோடு அதைச் சேர்த்துக் கடையில் கொடுத்தால் முடிந்தது. என்னுடைய அளவு ரவிக்கை, நீ பிறந்த பிறகு தைத்த நீல நிறத்து ரவிக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அதையேதான் கொடுத்தேன். தைத்து வந்ததெல்லாம் இடது பக்கம் சுருங்கித் தொங்கியது. தையற்காரருக்குக் கை கெட்டுப்போய்விட்டது என்று கடையை மாற்றினேன். அந்தக் கடைக்கும் அதே நீல ரவிக்கையைக் கொடுத்தேன். தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டியபோது கைக்குட்டை மேலே ஏறித் தோளுக்குப் பக்கத்தில் புடைத்துக்கொண்டு நின்றது. எதிரே பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்தார், பிறகு குழம்பு வாளியைப் பார்த்தார். நான் தட்டை வைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

அன்றோடு சேலை கட்டுவதை விட்டுவிட்டேன். மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங் எனக்குத் தோதாக இருந்தது. தொளதொளவென்று முட்டிக்குக் கீழே இறங்கும், உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது. பேக்டரியில் மலாய்த் தோழிகள், "சந்தேக்லா" என்று என் அழகைப் புகழ்ந்தார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மாரியம்மன் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. கோயில் குறைந்தது. பிறகு விசேஷங்கள் குறைந்தன. போக முடியாத இடங்களுக்கெல்லாம் அப்பாவைத் தனியாய் அனுப்பினேன். நீ கவனித்துக்கொண்டுதான் இருந்தாய்.

உனக்கும் கவிதாவுக்கும் நாள் குறித்ததும், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து ஒரு முடிவெடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மேடையில் செய்யவேண்டியதையெல்லாம் உன் சித்தி செய்யட்டும். தாம்பாளம் ஏந்துவது, மணமக்கள் காலில் விழும்போது மஞ்சள் அரிசி போடுவது, எல்லாம். நான் மண்டபத்தில் முன்வரிசையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன். பெற்ற மகன் கல்யாணத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் எல்லாக் கண்களும் பார்க்கும் இடத்தில் கையைத் தூக்க எனக்குத் துணிவு இல்லை. உன்னிடம் சொன்னேன். நீ வாதாடவில்லை. "சரிம்மா. எதுக்கும் உங்க அளவு ரவிக்கையக் குடுங்க" என்றாய்.

நீல ரவிக்கையைக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக் கையால் நீவிப் பார்த்தாய். உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தாய். பிறகு பொறுமையாக மடித்து என்னிடமே கொடுத்தாய்.

"இத வச்சுத் தைக்க முடியாதும்மா. இது அப்ப இருந்த ஒடம்பு. இப்ப இருக்கிற ஒடம்புக்கு நான் அளவு எடுக்கணும்."

இத்தனை கடை ஏறி இறங்கியவளுக்கு இந்தச் சின்ன விஷயம் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. ஆனாலும் வளர்ந்த பிள்ளை முன்னால் எப்படி நிற்பேன்? முடியாது என்றேன். அதற்கும் சரி என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கவிதாவை அழைத்துக்கொண்டு வந்தாய். அறைக்குள்ளே நானும் அவளும். வெளியே கூடத்தில் நீ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, டேப்பை எங்கே வைப்பது, எங்கே முடிப்பது என்று குரல் கொடுத்தாய். அவள் அளந்து எண்ணைச் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டாய். கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண், தழும்பைப் பார்த்து முகத்தைத் திருப்பவும் இல்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. "டேப் ஜில்லுன்னு இருக்கும் அத்தை" என்றாள், அவ்வளவுதான்.

"வலது பக்கம் தோள்லேருந்து?" என்றாய். அவள் எண்ணைச் சொன்னாள்.

"எடது பக்கம்?" அவள் வேறு எண்ணைச் சொன்னாள்.

"ம்ம். அடுத்தது கைக்குழி. வலது?"

இப்படியே போனது, தம்பி. ஒவ்வொரு இடத்துக்கும் வலது, இடது. வலது, இடது. நான் உன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கத்து எண் வரும்போது உன் குரல் தயங்கும், இரக்கம் எட்டிப்பார்க்கும் என்று காத்திருந்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. அப்பாவின் தோளுக்கு எப்படிக் கேட்டாயோ, கடைக்கு வரும் மணப்பெண்களுக்கு எப்படிக் கேட்பாயோ, அப்படியே கேட்டாய். எல்லாருக்கும் இரண்டு பக்கமும் வேறு வேறுதான், எனக்கும் வேறுதான். இத்தனை காலம் நான் குறை என்று சுமந்தது உன் கணக்கில் இன்னோர் எண்ணாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கவிதா டேப்பை விடாமலே மறுகையால் என் கண்ணைத் துடைத்தாள். "அழாதீங்க அத்தை, மூச்சு ஏறுனா அளவு மாறிரும்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். வெளியிலிருந்து நீ, "ஐயோ அலமாக், என்ன அங்க சிரிப்பு? நம்பர் என்ன?" என்று சத்தம் போட்டாய்.

நீ துணி வெட்டிய அன்று நான் காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ரவிக்கைக்கும் துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுவார்கள் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். ஒரு பாதியை வரைந்தால் போதும், மறுபாதி தானே வந்துவிடும். எனக்கு நீ மடிக்கவில்லை. முழுத் துணியையும் மேசையில் விரித்து, இடதுக்கு ஒரு காகிதம், வலதுக்கு ஒரு காகிதம் என்று தனித்தனியாக வைத்து வெட்டினாய். முதலில் வெள்ளைத் துணியில் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாய். பிறகு பிரித்தாய், மறுபடி தைத்தாய். இடப்பக்கம் உள்ளே, மார்புக்குப் பதிலாகப் பஞ்சு மெத்தை வைக்க, நகராத ஒரு பை. தழும்பில் உரசாதபடி மெல்லிய உள்துணி. கை தூக்கினால் இழுக்கக்கூடாது என்று அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு. இதையெல்லாம் ஒரு மனுஷன் யோசிக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அந்த மனுஷனை நான் பெற்றேன் என்பது அதைவிடப் பெரிய அதிசயம்.

கடவுள்தான் உன்னை முன்கூட்டியே அந்தப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறார் என்று சித்தி சொன்னதை உன்னிடம் சொன்னேன். நீ கத்தரிக்கோலை நிறுத்தாமல், "கடவுளுக்கு வேற வேலை இல்லியாம்மா? எனக்குத் துணி புடிச்சிருந்துச்சு, போனேன்" என்றாய். எனக்கு அந்தப் பதில்தான் பிடித்திருந்தது. யாருக்காகவும் இல்லாமல், பிடித்திருந்ததால் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வேலை, தேவை வந்தபோது வீட்டுக்குள்ளேயே தயாராக நின்றது. உனக்குப் பிள்ளை பிறந்து, அது நமக்குப் புரியாத ஏதோ ஒன்றைப் படிக்கப்போகிறேன் என்று வந்து நின்றால், "டிசைன்" என்று பூசி மெழுகாதே. அதன் பெயரையே ஊருக்குச் சொல். சான்றிதழ்ப் படிப்பென்றால் சான்றிதழ்ப் படிப்பு.

கல்யாணமான பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் அம்மா என்ற பெயருக்கே அழகில்லை, கேட்டுக்கொள். கவிதா உன் பாதி என்று மேடையில் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பிவிடாதே. துணியை மடித்து வெட்டினால் ஒரு பக்கம் மாதிரியே மறுபக்கம் வரும். பெண்டாட்டி அப்படி வரமாட்டாள். அவளைத் தனியாக அளக்கவேண்டும். இன்னொன்று, இன்றைக்கு எடுத்த அளவை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டாதே. அவள் உடம்பு மாறும், மனசு மாறும், பிடித்த சாப்பாடுகூட மாறும். "நீ முன்னெல்லாம் இப்படி இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தால் என் நீல ரவிக்கையை நினைத்துக்கொள். உன் அப்பா நல்லவர்தான். ஆனாலும் இன்றுவரை எனக்குப் பிடிக்கும் என்று வாங்கி வருவது, கல்யாணமான புதிதில் எனக்குப் பிடித்திருந்த பலகாரத்தைத்தான். நானும் ஒன்றும் சொல்லாமல் தின்றுகொண்டிருக்கிறேன். அந்தத் தப்பு எங்களோடு போகட்டும்.

அப்பா என்றதும் நினைவு வருகிறது. கல்யாணத்தன்று அவர் செய்த கூத்தை நீ மணவறையிலிருந்து பார்த்திருக்க முடியாது. மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையில் நான் காரைவிட்டு இறங்கியதிலிருந்து அவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொருவராக இழுத்து வந்து, "ரவிக்கையப் பாத்தீங்களா? என் மகன் தைச்சது. காலேஜ்ல தையல் படிச்சவன்" என்று என் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார். ரெங்கம் மாமாவையும் விடவில்லை. "பேசாம இருங்களேன், மானம் போவுது" என்று பல்லுக்குள் சொன்னேன். கேட்டால்தானே. எந்த ஒன்றை ஊர் பார்க்கக்கூடாது என்று வருஷக்கணக்கில் ஒளிந்தேனோ, அதை ஊரையே கூட்டிவந்து காட்டினார் அந்த மனுஷன். வந்தவர்கள் எல்லோரும் தையலைத்தான் பார்த்தார்கள். சித்தி மேடையடிக்கு வந்து, தாம்பாளத்தை யார் ஏந்துவது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இனி வீடியோவுக்கு வருகிறேன். தாலி கட்டி முடிந்து, நீயும் கவிதாவும் என் காலில் விழுகிறீர்கள். நான் மஞ்சள் அரிசியை அள்ளிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்குகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் இடது கை எப்போதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். தூக்கத்தில்கூட அங்கேதான் கிடக்கும் என்று அப்பா சொல்வார். வீடியோவில் அது தலைக்கு மேலே இருக்கிறது. அதைத் தூக்கியது எனக்கே தெரியாது. அரிசி உங்கள் தலையில் விழுகிறது, கவிதா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீயும் நிமிர்கிறாய், கழுத்தில் மாலை, நெற்றியில் வழிந்த சந்தனம். ஆனால் உன் கண் என் முகத்துக்கு வரவில்லை. நேரே என் இடது அக்குளுக்குப் போய், நீ வைத்த அந்தச் சின்னத் துண்டில் நிற்கிறது. புருவத்தைச் சுருக்கிப் பார்க்கிறாய். கல்யாண மாப்பிள்ளை, மேளம் முழங்கிக்கொண்டிருக்கிறது, நீ கையைத் தூக்கிய அம்மாவிடம் கண்ணால் ஒன்று கேட்கிறாய்.

இழுக்கவில்லை, தம்பி. கொஞ்சம்கூட இழுக்கவில்லை.

உன் அம்மா